யோகேஸ்வரி சொன்ன சொல்

1987ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து அடைமழைக் காலத்தில் நான் யோகேஸ்வரியை முதன்முதலாகச் சந்தித்தேன். இராஜபாளையம் பேருந்து நிலையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்துக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் ஒடுங்கி நின்றோம். என் பக்கத்துச் சிமெண்டுப் பலகையில் ஓர் இளம்பெண் அமர்ந்திருந்தாள். வழக்கறிஞரின் கறுப்பு அங்கியை மடித்து மடியில் வைத்து, அதன்மேல் தாளை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளருகே, கன்னம் வீங்கிய வேறொரு பெண் நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்ல, இவள் எழுதினாள். பிறர் எழுதுவதை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கமன்று. ஆயினும், இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்திருந்த எனக்கு, பிழையான எழுத்தைக் கண்ட பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்ப முடியவில்லை. 'என் கணவர் என்னை அரைந்தார்' என்று அந்தத் தாளில் இருந்தது.

"மன்னிக்கணும். அந்த இடத்துல வல்லின 'ற' வரணும். நீங்க போட்டிருக்கிறது அம்மியில அரைக்கிற 'ர'" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எண்ணினேன். அவளோ வாயில் கைவைத்து, "அய்யய்யோ, அப்பொ இவ புருசன் இவளச் சட்னியா அரைச்சுட்டான்னுல்ல எழுதிருக்கேன்!" என்றாள்.

கன்னம் வீங்கியவள் வலியையும் மறந்து சிரித்துவிட்டாள். "அம்புட்டுக்கெல்லாம் அந்த மனுசனுக்குத் தெம்பு கிடையாது வக்கீலம்மா."

அவள் பெயர் பரிபூரணம், மம்சாபுரத்தைச் சேர்ந்தவள். பேருந்தில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கியடித்து அமர்ந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்வதற்குள் அந்த ஜீவனாம்ச மனு முழுவதையும் நான் திருத்தி முடித்திருந்தேன். இறங்கும்போது யோகேஸ்வரி, "நாளைக்கும் இதே பஸ்ஸுக்குத்தான் வருவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அன்று தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகள் அவளுடைய மனுக்களுக்கு நான் ஒற்றெழுத்துப் போட்டேன்.

யோகேஸ்வரியின் தந்தை இராஜபாளையத்தில் மருத்துவத் துணி நெய்யும் தறிக்கூடம் நடத்திவந்தார். வீட்டில் தெலுங்கு, மதுரைச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம்; தமிழ் அவள் தெருவில் கற்றுக்கொண்ட மொழி. மனுக்களை அவள் ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம்; அவளுடைய மூத்த வழக்கறிஞரும் அப்படித்தான் சொன்னார். "கையெழுத்துப் போடுறவளுக்கு, தான் எதுல கையெழுத்துப் போடுறோம்னு தெரிய வேண்டாமா?" என்று கேட்டு, அவள் தமிழிலேயே எழுதினாள்.

எங்களுக்குள் ஒரே ஒரு பிணக்கு இருந்தது. பரிபூரணத்தின் மனுவில் 'சோத்துத் தட்ட எத்திவிட்டாரு' என்று இருந்ததை, 'உணவு வழங்க மறுத்தார்' என்று நான் மாற்றினேன். யோகேஸ்வரி என் வரியை அடித்துவிட்டாள்.

"டீச்சர், எழுத்தத் திருத்துங்க. அவ சொன்னதத் திருத்தாதீங்க. இத ஜட்ஜ் முன்னாடி வாசிச்சா, இது யாரு கதையோன்னு இவளே முழிப்பா."

"ஆமா, எனக்கு ஆரு உணவெல்லாம் போட்டா? சோறுதான்" என்றாள் பரிபூரணம்.

வழக்கு வென்ற பிறகும் பரிபூரணம் மம்சாபுரத்துக்குத் திரும்பவில்லை. யோகேஸ்வரியிடமே குமாஸ்தாவாகத் தங்கிவிட்டாள்.

1989இல் யோகேஸ்வரி, நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்த ஐயாதுரையைத் திருமணம் செய்துகொண்டாள். அவர் வேறு சாதி, தெலுங்கு அறியாதவர். பெற்றோர் கதவைச் சாத்திக்கொண்டனர். தங்கை கிட்டம்மாள் மட்டும் சிறிது காலம் மறைவாகக் கடிதம் எழுதினாள். அவளுக்கும் திருமணமான பின் அதுவும் நின்றுபோயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்புறத் தெருவில் யோகேஸ்வரி குடித்தனம் தொடங்கிய அந்த வீட்டில் தெலுங்கு பேச எவரும் இல்லை. மகன் ராம்கி தமிழிலேயே வளர்ந்தான்.

அந்த வீட்டின் முன்னறை ஒருநாளும் காலியாக இருந்து நான் கண்டதில்லை. மறுநாள் வாய்தாவுக்காக வெளியூரிலிருந்து வந்த பெண், கணவன் துரத்தியதால் பிள்ளையோடு வந்தவள், சாட்சி சொல்ல அஞ்சி அழுதுகொண்டிருப்பவள் என்று எவராவது இருப்பர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மம்சாபுரத்திலோ வன்னியம்பட்டியிலோ பள்ளிக்கூட வராந்தாவில் அமர்ந்து, முதியோர் ஓய்வூதியத்துக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாள். பலமுறை அந்த விண்ணப்பக்காரர்களோடு தாலுகா அலுவலகம்வரை தானே நடப்பாள்.

"டீச்சர், எம்பாயில நான் படுத்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா? வாரவுக எல்லாம் அதுலதான் படுக்காக" என்று பத்து வயதில் ராம்கி என்னிடம் முறையிட்டான்.

"ஏலே, பாய் உன் பேர்ல பதிஞ்சிருக்கா? பத்திரத்தக் கொண்டா, பாப்போம்" என்றாள் அவன் தாய். அவனும் விடவில்லை; ஒரு தாளில் பத்திரம் எழுதிக் கொண்டுவந்தான். அவள் அதனை முழுவதும் படித்து, "சாட்சிக் கையெழுத்து இல்ல, செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தாள். நான் சாட்சிக் கையெழுத்திட்டேன். அன்றிரவு அவன் தன் பாயிலும், அவள் வெறுந்தரையிலும் படுத்ததாகப் பரிபூரணம் பிறகு சொன்னாள்.

ஐயாதுரை 2015இல் காலமானார். ராம்கி கிருஷ்ணன்கோவில் பொறியியல் கல்லூரியில் ஆசிரியரானான். நான் ஓய்வுபெற்றேன். யோகேஸ்வரி மட்டும் ஓயவில்லை. புதன்கிழமைதோறும் நான் இராஜபாளையத்திலிருந்து பேருந்தேறிச் சென்று, அவள் சேர்த்துவைத்திருக்கும் தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு வருவேன்.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில், நீதிமன்றத்தில் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் பேச்சு நின்றது. வலக்கை தொங்கிப்போயிற்று. பக்கவாதம் என்றார்கள். மருத்துவமனையில் நான் அவளைப் பார்த்தபோது, அவள் கண்கள் எப்போதும்போலவே இருந்தன, என்னை அறிந்தன. வாய்தான் ஒருபுறம் கோணியிருந்தது. நான்காம் நாள் சில ஒலிகள் வந்தன. ராம்கி, "வலிக்கா அம்மா?" என்று கேட்டபோது, "லே" என்றாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சர், கேட்டீகளா? என்னைய 'லே'ங்காக! ஆளு அடையாளம் தெரியுது அம்மாவுக்கு."

எங்களுக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அன்று முழுவதும் அவன் எதைக் கேட்டாலும் அவள் "லே, லே" என்றாள். அவனும் "என்னம்மா, என்னம்மா" என்று குனிந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏழாம் நாள் மருத்துவர் எங்களை அழைத்துப் பேசினார். கழுத்தின் இடப்பக்க இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது. அது மற்றொரு தாக்குதலுக்கு வழிவகுக்கலாம். மதுரைக்குக் கொண்டுசென்று இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் நல்லது. ஆனால், அவள் இதயமும் வலுவிழந்திருப்பதால் அதிலும் ஆபத்து உண்டு. "அவங்களுக்குப் புரியுது. அவங்க விருப்பத்தையும் கேட்டுக்கோங்க" என்றார்.

தலையசைப்பை நம்ப முடியவில்லை. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவள் தலை ஒரேமாதிரி ஆடியது. இந்நோயில் அப்படி நேர்வதுண்டாம். ராம்கி என்னைப் பார்த்தான்.

"நீங்க கேளுங்க டீச்சர். உங்ககிட்டதான் அம்மா திருத்தமாப் பேசுவாக."

அன்று நான் செய்ததை இங்கே கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அவளருகே அமர்ந்து, அவள் இடக்கையைப் பற்றிக்கொண்டு, "யோகேஸ்வரி, கழுத்துல ஒரு ஆபரேஷன் பண்ணணும்கிறாங்க. மதுரைக்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். உதடுகள் இரண்டு முறை கூடிப் பிரிந்தன.

"போதாம்" என்றாள்.

"என்ன சொல்லுதாக டீச்சர்?"

"'போதும்'னு சொல்றா. 'து', 'தா'வா இழுபடுது, அவ்வளவுதான். நாக்குத் தடிச்சிருக்குல்ல."

பரிபூரணம் ஒத்துக்கொள்ளவில்லை. "இது போதும்ங்கிற ஆளா டீச்சர்? இங்க தோத்தா ஹைகோர்ட்டுக்கு ஓடுற மனுசியாச்சே."

அவள் ஐயத்தைத் தீர்ப்பதற்காக நான் மீண்டும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டேன். "போதாம். போதாம்" என்று யோகேஸ்வரி இரண்டு முறை சொன்னாள். இடக்கையை என் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டு கட்டில் விளிம்பைத் தட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"வற்புறுத்த வேண்டாம் ராம்கி" என்றேன். "அவளுக்கு அலுத்துப்போச்சு."

என் தமிழைச் சந்தேகிக்கும் வழக்கம் அந்த வீட்டில் எவருக்கும் இல்லை. ராம்கி பேனாவை எடுத்தான். "அம்மா சொன்னத மீறுனா, எந்திரிச்ச பொறவு அவுக என்னைய விடுவாகளா?" என்று சொல்லி, சிரிக்க முயன்று, மதுரைக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

வீட்டுக்கு அழைத்துவந்தோம். முன்னறையிலேயே கட்டிலைப் போட்டோம். பகலெல்லாம் அவளைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வன்னியம்பட்டியிலிருந்து வந்த வெள்ளத்தாய் என்னும் கூலிப்பெண், தனக்கு ஓய்வூதியம் கிடைத்துவிட்டதைச் சொல்லிவிட்டு, அவள் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

யோகேஸ்வரி அந்தச் சொல்லைப் பலமுறை சொன்னாள். கஞ்சியை ஊட்டும்போது சொல்வாள். உடனே கரண்டியைக் கீழே வைத்துவிடுவோம். கைகால்களை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுக்க வந்தவரிடம் சொன்னாள், அவரை அனுப்பிவிட்டோம். நான் செய்தித்தாள் படித்துக் காட்டும்போது சொன்னாள். தாளை மடித்து வைத்தேன். தெருவில் கார் நிற்கும் ஓசை கேட்டால் வாசலைப் பார்த்துச் சொல்வாள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அவள் எதையெல்லாம் போதும் என்றாளோ அதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினோம். அவள் மெலிந்துகொண்டே போனாள். சில நேரம் எங்களை அவள் பார்த்த பார்வையில் சினம் இருந்தது. அவளுக்காக எதையும் செய்ய அணியமாக இருந்தோம். செய்வதற்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் புதன்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தவள், நாள்தோறும் வரத் தொடங்கினேன். வந்து என்ன செய்தேன்? விசிறிக்கொண்டிருந்தேன்.

மாசி பிறந்த பிறகு எனக்கும் காய்ச்சல் கண்டதால் நான்கு நாள்கள் செல்ல இயலவில்லை. ஒரு புதன்கிழமை சென்றபோது, கட்டிலின் விளிம்பில், யோகேஸ்வரியின் மூக்கும் நெற்றியும் கொண்ட ஒரு பெண் அமர்ந்திருந்தாள். சொல்லாமலே தெரிந்துவிட்டது: செய்தி கேள்விப்பட்டு வந்த தங்கை கிட்டம்மாள். அவள் தெலுங்கில் ஏதோ கேட்க, யோகேஸ்வரி இரண்டு மூன்று சொற்களில் விடை சொல்லிக்கொண்டிருந்தாள். சொற்கள்! ஒரு மாதத்துக்கும் மேலாக நாங்கள் கேளாத சொற்கள்!

"ராம்கி, பேசறாளே!" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆமா டீச்சர். தெலுங்கு மட்டும் வருது" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பரிபூரணமும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே சென்றாள். யோகேஸ்வரிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கவலை என்றே எண்ணினேன்.

யோகேஸ்வரி என் கையைத் தேடிப் பிடித்து, தங்கையிடம் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

கிட்டம்மாள் சற்றுத் தயங்கினாள். "நீங்க சாப்பிட்டீகளான்னு கேக்கா."

"சாப்பிட்டேன் யோகேஸ்வரி" என்றேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் இரண்டாம் தாக்குதல் வந்தது. நண்பகலில் உயிர் பிரிந்தது. தொலைபேசியில் செய்தி வந்து நான் சென்று சேர்ந்தபோது, தெரு முழுவதும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் அவளுடைய படத்தைத் திறந்துவைத்தார்கள். வழக்கறிஞர்கள் சிலர் பேசினார்கள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். மம்சாபுரத்துப் பெண்களும் வன்னியம்பட்டிப் பெண்களும் தரையில் அமர்ந்து என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆறுதலாக ஏதேனும் சொல்ல வேண்டும் என்று நான் விரும்பினேன்.

"தன் வாழ்நாளில் பிறருக்கு எதையும் போதும் என்று நிறுத்தாதவள் அவள். தனக்கென்று வந்தபோது மட்டும், மதுரைக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது, 'போதும்' என்றாள். அப்படிச் சொல்லும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை" என்றேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்து, நான் கைகழுவப் பின்கட்டுக்குச் சென்றபோது, கிட்டம்மாள் என் பின்னாலேயே வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கக்கா அப்படிச் சொல்லல."

"என்னம்மா?"

"அவ 'போதும்'னு சொல்லல. ஊரு கூடியிருக்கையில, தானா சாவக் கேட்டவ மாதிரி அவளச் சொல்லுதீகளே. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல. அவ சொன்னது 'போதாம்.' எங்க பேச்சுல, 'போவோம்'னு அர்த்தம்."

குழாயில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவளே அதனை மூடினாள்.

"நான் வந்து எறங்குன அன்னைக்கு என்னையப் பாத்து அதத்தான் சொன்னா. 'எக்கடிக்கி அக்கா?'ன்னு கேட்டேன். எங்க போவணும்னு. 'மதுர'ன்னா. ராம்கி அப்படியே சொவத்துல சாஞ்சிட்டான். அந்த நிமிசமே டாக்டருக்குப் போன் போட்டான். நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் எறங்குனாத்தான் மயக்க மருந்து குடுக்க முடியும்னு சொல்லிட்டாரு. காய்ச்சல் எறங்கட்டும், எறங்கட்டும்னு ஒக்காந்திருந்தோம்."

"'லே'?" என்று கேட்டேன்.

"'லேது.' இல்லைன்னு அர்த்தம். வலிக்கான்னு கேட்டா, இல்லன்னுருக்கா."

இராஜபாளையத்தில் என் வீட்டை ஒட்டி ஒரு தெலுங்குக் குடும்பம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒற்றைச் சுவர்தான் எங்களுக்கு நடுவில். கடைக்கோ கோவிலுக்கோ புறப்படும்போது அந்தச் சொல்லை அவர்கள் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள்! யோகேஸ்வரியேகூட ஒருமுறை, "நீங்க எனக்கு இத்தன வருசமா 'ற' சொல்லிக் குடுக்கீங்க. பதிலுக்கு நாலு வார்த்த தெலுங்கு படிங்களேன்" என்றாள். அந்த வயதுக்குமேல் எனக்கெதற்கு என்று நான் சிரித்துவிட்டேன். கட்டிலருகே நான் கேட்ட கேள்வியை அவள் புரிந்துகொண்டாள். விடையும் பிழையின்றிச் சொன்னாள். ஒரு முறையன்று, மூன்று முறை சொன்னாள். நான்தான் அதனைத் திருத்தினேன்.

"எனக்கு ஏம்மா யாரும் சொல்லல? அந்தப் புதன்கிழமை நான் வந்தேனே. அவகிட்ட மன்னிப்பாவது கேட்டிருப்பேனே."

பரிபூரணம் பின்வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். கிட்டம்மாளைப் பார்த்து, "நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அவிய சொன்ன பேச்ச மீறிட்டியே" என்றாள். பின்பு என்னிடம், "வாங்க டீச்சர், செத்த நேரம் ஒக்காருங்க" என்று தோளைப் பற்றினாள். நான் அமரவில்லை.

"என்ன பேச்சு?" என்று கேட்டேன்.

கிட்டம்மாள்தான் சொன்னாள். அந்தப் புதன்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு யோகேஸ்வரி அவளிடம் சொன்னது, நான் சாப்பிட்டேனா என்பதன்று. நான் விடைபெற்றுச் சென்ற பிறகு, ராம்கியின் சட்டையைப் பற்றி இழுத்து, அவனிடமும் பரிபூரணத்திடமும் அதையே மறுபடியும் சொன்னாளாம். சனிக்கிழமைவரை அதன்பின் அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

"டீச்சருக்கு செப்பொத்து."

'செப்பு' என்பது தமிழிலும் உண்டு. எஞ்சியதைக் கிட்டம்மாளின் கை, வேண்டாம் என்று அசைந்து காட்டியது. டீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள் என்பதுதான் யோகேஸ்வரி கடைசியாகக் கேட்டது.